இடைவேளையில் எழுந்து வந்தவள் எழுதிய விமர்சனம்

இருபது வருஷமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிக்கு நடுவே உட்கார்ந்து நீங்கள் படம் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியக் காட்சி. பெங்களூரில் ஸ்ரீராம்புரம் பக்கம் ஒரு பழைய தியேட்டர், பால்கனியில் கடைசிக்கு முந்தின வரிசை. இடது பக்கம் தம்பி கோவிந்தராஜ். வலது பக்கம் அண்ணன் முனிரத்தினம். நடுவில் நான், மடியில் பாப்கார்ன் பொட்டலத்தோடு.

"அவன் காலையில ஏதாவது சாப்ட்டானான்னு கேளுங்கம்மா" என்றார் அண்ணன்.

கேட்டேன்.

"நாலு இட்லி சாப்ட்டேன்னு சொல்லுங்க மேடம்" என்றார் தம்பி.

சொன்னேன். இருவரும் பேசுவது ஒரே ஊர்த் தமிழ். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் என் வாய் வழியாகத்தான் போயாக வேண்டும் என்று இருவருமே பிடிவாதமாக இருந்தார்கள். பாப்கார்ன்கூட என் கை வழியாகத்தான் போயிற்று.

இடைவேளை முடிந்து விளக்குகள் அணைந்தன. என் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே ஒரு காட்சிக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் காட்சிக்குத் தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது என்று விமர்சனம் எழுதியவள் நான். அந்தக் காட்சியை நான் பார்க்கவே இல்லை. இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

தப்பு கண்டுபிடிக்கச் சம்பளம்

எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்கு என்ன வேலை என்று இந்தத் தொடரைப் படிக்கும் சிலர் கேட்டிருந்தீர்கள். அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பது. டெஸ்டிங் என்பார்கள். திரையில் ஒரு பட்டன் நூலிழை தள்ளியிருந்தால் போதும், நாலு பத்திக்கு மெயில் போடுவேன். நான் வருவதைப் பார்த்தாலே பையன்கள் காபி மெஷின் பக்கம் நழுவி விடுவார்கள். அவ்வளவு கறாரானவள்.

இந்தக் கறாரெல்லாம் வியாழக்கிழமை சாயங்காலத்தோடு சரி. வெள்ளிக்கிழமை நம்மாளு படம் வந்துவிட்டால் எனக்குக் கண்ணே தெரியாது.

'நம்மாளு' யார் என்று கேட்காதீர்கள். எங்கள் நட்சத்திரத்தின் பெயரை நான் எழுதுவதில்லை. அவர் கல்லூரி மாணவராக வந்தால் 'இளமை துள்ளுகிறது' என்று எழுதுவேன். கதையே இல்லாமல் வந்தால் 'கதையை மீறிய ஆளுமை' என்று எழுதுவேன். ஒரு படத்தில் அவர் முதல் பாதி முழுக்கக் கோமாவில் படுத்திருந்தார். 'கண் இமைகளால் நடித்திருக்கிறார்' என்று எழுதினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரியை ரெண்டாயிரம் பேர் பகிர்ந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை உண்டு.

'முதல் காட்சி மல்லிகா' என்ற பெயரில் இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். பெயரில் முதல் காட்சி இருப்பதால், விமர்சனமும் முதலில் வந்தாக வேண்டும். அதற்கு ஒரு போட்டியாளர் வேறு. பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், 'லேத் லோகு' என்று எழுதுவார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய விமர்சனம் என்னுடையதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். வியாழக்கிழமையே விமர்சனத்தை எழுதி வைத்துவிடுவது. இயக்குநர் பெயர், பாட்டு, சண்டை, நாயகி எல்லாம் டிரெய்லரிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கோடு போட்டு விட்டிருப்பேன். இடைவேளையில் வாசல் பக்கம் போய், அந்தக் கோடுகளை நிரப்பிப் போட்டுவிட வேண்டியது. படம் முடிவதற்குள் விமர்சனத்தைப் படித்து முடித்துவிடுவார்கள் என் வாசகர்கள்.

நடுநிலை என்று ஒன்று வேண்டுமே. அதற்காகவே எல்லா விமர்சனத்தின் கடைசியிலும் ஒரு வரி வைத்திருந்தேன். 'எடிட்டர் இன்னும் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம்.' எந்தப் படத்துக்கும் பொருந்தும். யாருக்கும் கோபம் வராது. முப்பது நாற்பது விமர்சனங்களில் இந்த வரியை அப்படியே ஒட்டியிருக்கிறேன். கத்தரி யார் மேல் விழும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

கேப்பில் ஒரு வாசகர்

கோவிந்தராஜ் எங்கள் கம்பெனி கேப் டிரைவர். மல்லேஸ்வரத்தில் என்னை ஏற்றிக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் இறக்குவார். அந்த நேரத்தில் ஒரு படத்தின் முதல் பாதி ஓடி முடிந்துவிடும், நம் வண்டி சில்க் போர்டு சிக்னலைத் தாண்டியிருக்காது. மற்றவர்கள் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் பெரும்பாலும் வண்டியில் நானும் அவரும்தான்.

நாட்றம்பள்ளிப் பக்கத்துக்காரர். பெங்களூருக்கு வந்து இருபது வருஷமாகிவிட்டதால் பேச்சில் 'ஆயிற்று' என்பதற்கு 'ஆய்த்து', 'கொஞ்சம்' என்பதற்கு 'ஸ்வல்ப' என்று கன்னடம் தானாக வந்து விழும். என்னைவிடப் பெரிய ரசிகர். எழுதி வைத்த விமர்சனத்தை நான் அவருக்குத்தான் முதலில் படித்துக் காட்டுவேன். ஜன்னலில் வலது முழங்கையை வைத்துக்கொண்டு கேட்பார்.

"சூப்பர் மேடம். ஆனா இந்த 'ருத்ர தாண்டவம்' ரெண்டு வாட்டி வருது. ஒன்ன எடுத்துருங்க."

எடுத்துவிடுவேன். சம்பளம் வாங்காத எடிட்டர் அவர்.

அந்த முழங்கை முழுசாக நீளாது. ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, எலும்பு புடைத்து நிற்கும். ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"எட்டு வயசுல டூரிங் டாக்கீஸ் செவுரு ஏறி விழுந்தேன் மேடம். எங்கண்ணன்தான் சைக்கிள்ல உக்கார வச்சு மிதிச்சுக்கினு போயி கட்டு போட்டாந்தாரு. மூணாம் நாளு படம் மாத்திட்டாங்க. கட்ட அவுத்துக் கடாசிட்டு ஓடிட்டேன். அப்படியே கோணலா சேந்துக்கிச்சு."

"அண்ணன் திட்டலையா?"

"அதுக்குத் திட்டல. அதுக்கப்புறம் ஒண்ணு செஞ்சேன் பாருங்க, அதுக்குத்தான்."

அந்த ஒன்று இதுதான். தங்கைக்குக் கல்யாணம். விடியற்காலையில் வாணியம்பாடிக்குப் போய்க் கல்யாண மாலை வாங்கிவர இவரை அனுப்பியிருக்கிறார் அண்ணன். அன்றைக்குப் பார்த்து வாணியம்பாடியில் நம்மாளு படம் ரிலீஸ். முதல் பாட்டை மட்டும் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று மாலைக் கூடையோடு உள்ளே போனவர், 'சுபம்' போட்ட பிறகுதான் வெளியே வந்தார். இவர் ஊர் போய்ச் சேரும்போது பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அம்மன் கோயில் மாலையைக் கழற்றி வந்து தாலி கட்டி முடித்திருந்தார்கள்.

முனிரத்தினம் அரசுப் பஸ் கண்டக்டர். ஒரு நிமிஷம் தாமதமானாலும் பொறுக்காத மனுஷர். பந்தல் நடுவில் நிற்க வைத்துச் சொன்னாராம்.

"இனிமே என் மூஞ்சில முழிக்காத. அம்மாம் ஆசைன்னா அந்தத் திரையில போயி உன் மூஞ்சியக் காட்டு. அங்க வந்து பாக்குறேன்."

அடுத்த வாரம் கோவிந்தராஜ் பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டார். நல்லது கெட்டதுக்கு ஊருக்குப் போவார். அண்ணன் இருக்கும் பக்கம் போகமாட்டார்.

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்புறம் பொம்மனஹள்ளி தாண்டும் வரை தேவையே இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

பீன்யா ஷெட்டில் ஒரு வரி

நம்மாளுவின் அடுத்த படத்தில் ஒரு பகுதியைப் பெங்களூரில் எடுத்தார்கள். பீன்யாவில் மூடிக்கிடந்த ஒரு ஷெட்டில் சண்டைக் காட்சி. படக்கம்பெனிக்கு வண்டியும் டிரைவரும் வேண்டும் என்று எங்கள் டிராவல்ஸ்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். கோவிந்தராஜ் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஓடினார்.

திரும்பி வந்தவர் வண்டி ஓட்டவே மறந்துவிட்டார். சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், நம்மாளு என் வண்டியில உக்காந்தாரு. பின் சீட்ல. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே மாதிரி."

"அண்ணா, பின்னாடி ஹாரன் அடிக்கிறான்."

"அடிக்கட்டும் மேடம். டைரக்டரு என்னப் பாத்து, நீயே ஒரு வரி பேசுய்யான்னுட்டாரு. மூஞ்சி கிட்ட கேமராவ வச்சு எடுத்தாங்க. 'நீங்க வர்ற வரைக்கும் வண்டிய அணைக்க மாட்டேண்ணே.' அதான் டயலாக். அவரு என் தோளத் தட்டிட்டு எறங்கிப் போறாரு."

அதற்கப்புறம் எட்டு மாதம் அந்த வரியை நான் கேட்காத நாளில்லை. மெதுவாகச் சொல்வார். கரகரப்பாகச் சொல்வார். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஒரு தடவை அழுகிற குரலில் சொன்னார். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது நானே வாய் தவறி "வண்டிய அணைக்க மாட்டேண்ணே" என்று செக்யூரிட்டியிடம் சொல்லியிருக்கிறேன்.

படம் வரும் வாரம் அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"மேடம், ஒரு உதவி. டப்பிங் பேச என்னக் கூப்பிடல. அதான் மனசு ஒரு மாதிரியா இருக்குது. நீங்க மொத ஷோ பாக்கறீங்கல்ல, என் சீன் இருக்குதா இல்லயான்னு பாத்து சொல்லுங்க. இருந்தா அண்ணனுக்குப் போன் போடுவேன். அவரு கூட உக்காந்துதான் மொதல்ல பாக்கணும்னு வச்சிருக்கேன். இல்லன்னா, இந்த ஜென்மத்துல அவர கூப்பிட மாட்டேன்."

"கண்டிப்பா பார்த்துச் சொல்றேன் அண்ணா" என்றேன்.

டப்பிங்குக்குக் கூப்பிடவில்லை என்பதிலேயே விஷயம் இருக்கிறது. ஆபீஸில் இப்படி ஒரு தடயம் கிடைத்தால் அன்றைக்கே நாலு பேரைத் தூங்கவிடாமல் செய்திருப்பேன். இது நம்மாளு படம். அதனால் எதுவும் கண்ணில் படவில்லை.

வெள்ளிக்கிழமை

காலை ஏழு மணிக் காட்சி. விசில், பேப்பர் தூள், கட்அவுட்டுக்குப் பால் எல்லாம் வழக்கம்போல. பால் ஊற்றுகிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது, ஊற்றுகிறவர்களுக்குப் பாக்கெட் கிழித்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமையே விமர்சனம் தயார். கோவிந்தராஜுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தேன். அதைப் படித்துக் காட்டாமல் ஆச்சரியமாக வைத்திருந்தேன். 'பீன்யா ஷெட் காட்சியில் ஓர் ஓட்டுநர் வருகிறார். ஒரே வரிதான் பேசுகிறார். தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது. யாரப்பா இந்தக் கோவிந்தராஜ்!'

இடைவேளை விட்டது. ஷெட் காட்சி இன்னும் வரவில்லை, அது இரண்டாம் பாதி. பத்து மணிக்கு எனக்கு வெளிநாட்டுக் கிளையண்டோடு மீட்டிங். போனைப் பார்த்தால் லேத் லோகு அப்போதே 'முதல் பாதி வெறித்தனம்' என்று போட்டுவிட்டார். எனக்குக் கை துறுதுறுத்தது. கோவிந்தராஜ் பத்தியை மட்டும் எடுத்துவிட்டுப் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். அப்புறம், காட்சி இல்லாமலா போய்விடும், சனிக்கிழமை வந்து மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே போட்டுவிட்டேன்.

வாசலில் கேப் நின்றிருந்தது. ஏறினேன். கண்ணாடியில் கோவிந்தராஜின் கண்கள் என்னையே பார்த்தன.

"மேடம்?"

அந்த ஒரு வார்த்தைதான். இன்னும் பார்க்கலை அண்ணா, பாதியில் வந்துட்டேன் என்று சொல்ல எனக்கு இரண்டு விநாடி இருந்தது.

"இருக்கு அண்ணா! சூப்பரா வந்திருக்கு. விமர்சனத்துலயே போட்டுட்டேன், படிச்சுப் பாருங்க."

வண்டியை ஓரம் கட்டினார். போனை வாங்கி அந்தப் பத்தியை உதடு அசையப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது "ஆய்த்து மேடம்" என்று மட்டும் சொன்னார். என்னை ஆபீஸில் இறக்கிவிட்ட கையோடு பார்க்கிங்கில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டதை மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

சனிக்கிழமை ஆபீஸ் சாஃப்ட்வேரில் ஏதோ ஒன்று பழுதாகி என்னை வரச் சொல்லிவிட்டார்கள். லேத் லோகுவின் விமர்சனத்தில் ஷெட் காட்சியைப் பற்றி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அப்போதுதான் உறைத்தது. அவரும் இடைவேளையிலேயே எழுதியிருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றாரு மேடம். நீங்களும் வரணும். நீங்க நடுவுல உக்காந்தீங்கன்னா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்" என்று சனிக்கிழமை சாயங்காலம் போனில் சொன்னார் கோவிந்தராஜ். வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை, விளக்கணைந்த பின்

முனிரத்தினம் சட்டைப் பையில் ஒரு தாள் வைத்திருந்தார். என் விமர்சனத்தை ஊரில் யாரிடமோ சொல்லிப் பிரிண்ட் எடுத்து, அந்தப் பத்திக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். "எழுத்துல வந்துருச்சு பாருங்கம்மா" என்று எனக்கே காட்டினார்.

ஷெட் வந்தது. மழை. இருட்டு. ஹெட்லைட் வெளிச்சத்தோடு வண்டி உள்ளே வருகிறது. இடது பக்கம் கோவிந்தராஜ் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. வண்டி பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. டிரைவர் ஜன்னலில் ஒரு முழங்கை. பின் கதவு திறக்கிறது. நம்மாளு காலை வெளியே வைக்கிறார். தியேட்டர் அலறுகிறது. அடுத்த ஷாட்டில் நாலு பேர் பறக்கிறார்கள்.

அவ்வளவுதான். முகம் இல்லை. வரி இல்லை. தோளில் தட்டல் இல்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இடது பக்கம் திரும்ப தைரியமில்லை. வலது பக்கம் திரும்பினால், முனிரத்தினம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கைதட்டிக்கொண்டிருந்தார். நாலு பேர் பறந்ததற்குக் கைதட்டுகிறவர்கள் உட்கார்ந்துதான் தட்டினார்கள். இவர் பந்தோபஸ்து போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்று தட்டினார்.

பின்னாலிருந்து ஒருவர், "கூத்கொள்ரி சார், உக்காருங்க! மறைக்குது" என்று கத்தினார்.

"இருய்யா" என்றார் முனிரத்தினம். என்னைக் குனிந்து பார்த்தார். "நீங்க எந்திரிக்கலயா? எந்திரிச்சு தட்டுனாங்கன்னு நீங்கதானம்மா எழுதிருக்கீங்க?"

எழுந்தேன். பாப்கார்ன் கொட்டியது. கைதட்டினேன். இடது பக்கம் கோவிந்தராஜும் எழுந்தார், எதற்கு எழுகிறோம் என்றே தெரியாத முகத்தோடு. பின்வரிசை முழுக்கத் திட்டியது. கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி. மூவரும் உட்கார்ந்தோம்.

திரையில் நம்மாளு யாரையோ இரும்புக் குழாயால் அடித்துக்கொண்டிருந்தார். அப்போது முனிரத்தினம் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, நேராகத் தம்பியிடம் கேட்டார்.

"கை இன்னும் நேராவலயாடா?"

கோவிந்தராஜ் முழங்கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"இல்லண்ணா."

"குளுருல வலிக்குதா?"

"டிசம்பர் மாசத்துல கொஞ்சம்."

"கட்டப் பிரிக்காதன்னு தலதலயா அடிச்சுக்கினேன், கேட்டியா நீ?"

என் வேலை போயிற்று. நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து அவர்களுக்கு வழி விட்டேன். நம்மாளு கிளைமாக்ஸில் என்ன செய்தார் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

வெளியே வந்து மசால் பூரி வண்டிப் பக்கம் நின்றோம். கோவிந்தராஜ் தட்டு வாங்கப் போனார். முனிரத்தினம் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நிதானமாகப் பிரித்தார்.

"ஒரு தப்பு இருக்குதும்மா இதுல. ஒரு வரி பேசுறான்னு போட்டிருக்கு. அவன் பேசலயே."

பத்தொன்பது வருஷம் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே பிழைத்தவள் நான். கண்டக்டர் ஒருவர் நடுத்தெருவில் வைத்து என் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை இருந்துதுங்க. அப்புறம் வெட்டிட்டாங்க போல" என்றேன். இன்னொரு பொய். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்படிங்களா" என்று தாளை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். "மூஞ்சியக் காட்டுன்னு சொன்னேன். கையக் காட்டியிருக்கான். போவுது, போ."

திங்கள் காலை

ஞாயிறு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. திங்கட்கிழமை வண்டியில் ஏறி, கதவைச் சாத்துவதற்குள் கொட்டிவிட்டேன்.

"அண்ணா, நான் பொய் சொல்லிட்டேன். இடைவேளையிலேயே எழுந்து வந்துட்டேன். உங்க சீனைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே எழுதினேன். உங்க அண்ணன்கிட்டயும் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிருங்க."

கோவிந்தராஜ் கியரை மாற்றினார். பதினெட்டாவது கிராஸ் தாண்டினோம்.

"தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"ஏழு மணிக்கு உள்ள போனீங்க. எட்டரைக்கு வெளிய வந்தீங்க. நம்மாளு படம் என்னிக்கு மேடம் ஒன்ற மணி நேரத்துல முடிஞ்சிருக்குது?"

நிமிஷக் கணக்கில் ஆளை ஏற்றி இறக்குவதுதான் இந்த மனுஷரின் பிழைப்பு. அவருக்கு மணி பார்க்கத் தெரியாது என்று மூன்று நாளாக நம்பிக்கொண்டிருந்த என் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது?

"தெரிஞ்சுமா அண்ணனைக் கூப்பிட்டீங்க? சீன் இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்?"

"டப்பிங்குக்குக் கூப்பிடாதப்பவே எனக்குப் பாதி தெரியும் மேடம். ஆனா நீங்க எழுதிட்டீங்க. கோவிந்தராஜுன்னு என் பேரு அதுல இருந்துது." சிக்னலில் வண்டியை நிறுத்தினார். "இருபது வருஷமா ஒரு போன் போட எனக்கு வாய்க்கலிங்க. இதயும் விட்டா எப்பப் போடுவேன் சொல்லுங்க? பொய்யோ நெசமோ, போட்டுட்டேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அதுவுமில்லாம, எல்லாப் படத்துலயும் கத்தரி போடு கத்தரி போடுன்னு நீங்கதான மேடம் எழுதுவீங்க? போட்டுட்டான் பாருங்க."

சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் இன்னும் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் போகிறாராம். கைக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லி ராத்திரி முழுக்கத் திட்டினாராம். அடுத்த படத்துக்கும் வருவாராம், விமர்சனத்தை மட்டும் படிக்கமாட்டாராம்.

சில்க் போர்டில் வழக்கம்போல வண்டி நின்றது. கோவிந்தராஜ் முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி, படிங்க மேடம். வர்ற வெள்ளிக்கிழமை இன்னொரு படம் வருதே."

"அண்ணா! படம் இன்னும் வரவே இல்லையே. பார்க்காம எப்படி எழுதுவேன்?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

கைப்பையைத் திறந்து போனை எடுத்தேன். எழுதித்தான் வைத்திருந்தேன்.